பஸ்ஸுக்குப் பத்தி இறக்கப் போகிறீர்களா?

பரந்தன் சந்திக்குக் கிட்ட எங்களுடைய குசன் வேலைக் கடை. ஓட்டோவுக்கு ஹூட், மோட்டார் சைக்கிளுக்கு சீட் உறை, லொறிக்குப் படங்கு என்று அப்பா காலத்தில் இருந்து இதுதான் பிழைப்பு. அப்பாவுக்குப் பிறகு மெசினில் நான் இருக்கிறேன். சில வருசமாக இன்னொரு வேலையும் தேடி வருகிறது. ரூட்டில் இருந்து கழித்த பழைய லேலண்ட் பஸ்ஸைத் தேத்தண்ணிக் கடையாக்குபவர்கள் வருகிறார்கள். றோசா, கோஸ்ரர் மாதிரியான சின்ன பஸ் வாங்கி உள்ளே கட்டில், காஸ் அடுப்பு எல்லாம் வைத்து வீடாக்குபவர்கள் வருகிறார்கள். கோடை லீவுக்குக் கனடாவில் இருந்து வந்து, மச்சானுடைய வானிலேயே வன்னி முழுக்கச் சுற்ற நினைக்கிற அண்ணைமாரும் வருகிறார்கள். எல்லோருக்கும் வாசல் பக்கம் ஒரு பத்தி, அதாவது வெய்யிலுக்கும் மழைக்கும் விரித்து மடக்குகிற துணிக் கூரை, இறக்க வேண்டும். கடையில் எல்லாரும் அதை ஓனிங் என்றுதான் கேட்பார்கள்.

வந்ததும் முதற் கேள்வி, "அக்கா, எவ்வளவு தூரம் நீட்டலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "காத்து வந்தால் ஆர் மடக்கிறது? தனி ஆளா, ரெண்டு பேரா?" விரிப்பதற்கு எல்லோருக்கும் நேரமிருக்கும். மடக்குவதற்கு இருப்பது சில நிமிடம். அதற்குள் உங்கள் வீட்டு ஆட்களால் எதை மடக்க முடியுமோ அதுதான் உங்களுக்குச் சரியான ஓனிங். துணி, நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு கணக்கைப் பாருங்கள். பஸ்ஸோடு 4 மீற்றர் நீளம், வெளியே 2.5 மீற்றர் நீட்டம் என்றால் 10 சதுர மீற்றர் துணி. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று அதை நேரே பிடித்தால் கிட்டத்தட்ட 60 கிலோ தள்ளல். காற்று இரட்டித்து 72 ஆனால் தள்ளல் இரட்டிக்காது, நாலு மடங்காகும்: ஏறக்குறைய 250 கிலோ. சித்திரையிலும் புரட்டாதியிலும் பின்னேரங்களில் இடிமுகில் கூடி, மழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று அடிக்குமே, அது வருவதற்குள் மடக்கி முடிக்க வேண்டும். ரோட்டுப் புழுதியும் கடதாசியும் கிளம்பத் தொடங்கினால் காற்று 20ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சின்ன மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 30. புழுதி கிளம்பும்போதே எழும்பிப் போங்கள். மரம் ஆடும்வரை தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பஸ்ஸை எந்தப் பக்கம் பார்த்து நிற்பாட்டுகிறீர்கள் என்பதும் ஓனிங் வேலைதான். எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் வாசல் இடப்பக்கம், ஓனிங்கும் இடப்பக்கம். சோளகம் அடிக்கிற வைகாசி முதல் புரட்டாதி வரை காற்று தென்மேற்கில் இருந்து வரும். அந்த நாட்களில் பஸ்ஸின் முகத்தைத் தென்கிழக்குக்குத் திருப்பி விடுங்கள். பஸ் உடம்பு காற்றுக்கு மறைப்பாகும், ஓனிங் வடகிழக்கில் ஒதுங்கி நிற்கும். பின்னேர வெய்யிலும் உடம்பிலேயே விழுந்துவிடும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும்போது நேர் எதிர்: முகம் வடமேற்குக்கு. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடல் வெளியில் கடை போடுகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அந்தத் தரவையில் மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழாவுக்கு நிற்கிறவர்களுக்குக் காற்று அவ்வளவு பிரச்சினை இல்லை. அங்கே சுற்றவர மரம். ஆனால் மரம் வேறு தொல்லை தரும், அதற்குப் பிறகு வருகிறேன்.

புயல் அறிவித்தல் வந்தால் மடக்குவது மட்டும் போதாது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியது. அப்படியான நாட்களில், கழற்றக்கூடிய ஓனிங் என்றால் துணியைக் கழற்றி உள்ளே போடுங்கள். பெட்டி ஓனிங் என்றால் பூட்டி, அதற்கு மேலால் கார்கோ பெல்ற்றைச் சுற்றி இறுக்குங்கள்.

இனி வகை. எங்கள் பக்கம் மூன்றுதான் நடைமுறைக்கு வரும்.

ஒன்று பெட்டி ஓனிங். நீட்டு அலுமினியப் பெட்டிக்குள் துணி சுருண்டு கிடக்கும். கைப்பிடியால் சுற்ற, மடங்கிய இரண்டு கைகள் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முன் சட்டத்துக்குள் இருந்து இரண்டு கால்களை இறக்கி நிலத்தில் ஊன்றலாம். இத்தாலியின் ஃபியாமா, சுவீடனின் தூலே எல்லாம் இந்தச் சாதி. வெளிநாட்டில் இருந்து பாவித்ததாகக் கொன்ரெய்னரில் வருவது பெரும்பாலும் இதுதான். ஒரு ஆள் தனியாக மடக்கலாம் என்பதால் ஓடித்திரிகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். கைகள் மட்டும் தாங்கும் என்று கால்களை இறக்காமல் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நிழலுக்கு ஒரு பத்து நிமிடம் என்றால் பரவாயில்லை. இரவு படுக்கப் போகும்போது அப்படி விட்டால் கையின் மூட்டு தெறிக்கும்.

இரண்டாவது, ஸ்பிரிங் உருளை வைத்த அமெரிக்க வகை. இரண்டு பக்கக் கைகளும் பஸ் உடம்போடு நிமிர்ந்து நிற்கும், உருளை முன்னால் போகும். உறுதியான சாமான்தான். ஆனால் அந்த உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் முறுகியே கிடக்கும். ஸ்பிரிங்கைப் பூட்டாமல் உருளையின் முனையைக் கழற்றினால் அது கைவிரலைக் கொண்டுபோகும். துணி மாற்ற வேண்டும் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டு முற்றத்தில் இரண்டு பெடியளை வைத்துக் கழற்றுகிற வேலை இல்லை இது.

மூன்றாவதுதான் நான் அதிகம் தைப்பது. பஸ்ஸின் மேற்பக்கம் நீள வெட்டு உள்ள அலுமினியச் சட்டம் ஒன்றைப் பூட்டுவோம். படங்கின் ஓரத்தில் 6 மில்லிமீற்றர் கயிற்றை வைத்துத் தைத்து, அந்தக் கயிற்றோரத்தைச் சட்டத்தின் வெட்டுக்குள் ஒரு முனையால் இழுத்து விடுவது. முன்பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஜி.ஐ. குழாய்க் கால், கயிறு, முளை. மலிவு, பழுதாகிற பொறி எதுவும் இல்லை, பரந்தனில் இருந்தே திருத்தலாம். குறை என்னவென்றால் மடக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கிற கடை பஸ்ஸுக்கு இது போதும். ஒவ்வொரு நாளும் இடம் மாறுகிறவர் இதை எடுத்தால் மூன்றாம் நாளே பின் சீட்டுக்குக் கீழே போட்டுவிடுவார்.

துணிக்கு வருவோம். தறப்பாளைப் பற்றி வன்னிச் சனத்துக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளத்து அகதி முகாம் கொட்டில்களுக்குள் மத்தியானம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர் யாரும் நீலப் பொலித்தீன் தறப்பாளை ஓனிங்குக்கு விரும்பிக் கேட்பதில்லை. அது மழைக்கு நல்லது. எங்கள் வெய்யிலில் ஒரு வருசம் போவதற்குள் நார்நாராக உரியும், காற்றில் படபடவென்று அடித்து ஆளை நித்திரை கொள்ள விடாது. அவசரத்துக்கு ஒன்று வண்டியில் கிடக்கட்டும், அவ்வளவுதான்.

கன்வஸ் நல்ல நிழல், சூடு கீழே இறங்காது. நனைந்தால் பஞ்சு நூல் ஊதித் துவாரத்தை அடைக்கும், அதுதான் அது மழையைத் தாங்குகிற விதம். உள்ளால் கை பட்டால் அந்த இடத்தால் ஒழுகத் தொடங்கும். மாரியில் இரண்டு கிழமை ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். கோடைக்கு மட்டும் என்றால் எடுக்கலாம்.

பிவிசி படங்கு, அதாவது பொலிஎஸ்ரர் வலைக்கு இரு பக்கமும் பிவிசி பூசினது, சதுர மீற்றருக்கு 500 முதல் 700 கிராம் வரை பாரம் வரும். சொட்டும் ஒழுகாது. எண்ணெய்ப் புகை, தேத்தண்ணிக் கறை எல்லாம் துடைத்தால் போகும். கடைக்காரருக்கு நான் தருவது இது. பாரமானது, சூட்டைப் பிடித்து வைக்கும், நாள் போகப் போக மடிப்புகளில் விறைத்து வெடிக்கும். அதனால் எப்போதும் ஒரே மடிப்பில் மடிக்காமல், சுருட்டி வையுங்கள்.

வீடாக்கிய வானுக்கு என்றால், காசு இருந்தால், அக்ரிலிக். சன்பிரெல்லா மாதிரியான துணிகள். நெய்த பிறகு சாயம் போடாமல் நூலாகும் முன்பே சாயத்தைக் கலப்பதால் வெளிறுவது மிகக் குறைவு. சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவில்தான் இருக்கும், மூச்சு விடும், கெதியாகக் காயும். ஆனால் முழு நீர்க்காப்பு இல்லை. தூறலுக்குத் தாங்கும், கார்த்திகை அடைமழைக்கு அடியில் இருந்து சோறு தின்ன முடியாது. வாங்கும்போது ஒரு மூலையில் இழையைப் பிரித்துப் பாருங்கள். உள்நூல் வெள்ளையாக இருந்து மேலே மட்டும் நிறம் என்றால் அந்தச் சாமான் வேண்டாம்.

நிறத்தைக் கடைக்காரர் யோசித்துத் தெரிய வேண்டும். நீலப் படங்குக்குக் கீழே வடை பழசாகத் தெரியும், மாம்பழம் அழுகினது போலத் தெரியும். சனம் காரணம் தெரியாமலே அடுத்த கடைக்குப் போகும். வெள்ளை நல்ல வெளிச்சம், ஆனால் கிரவல் ரோட்டுச் செம்புழுதி ஒரே நாளில் காட்டிக்கொடுக்கும். மண் நிறமும் பழுப்பு வெள்ளையும் எங்கள் பக்கத்துக்குத் தோதானவை.

தைக்கக் கொடுக்கும்போது மூன்று விசயத்தைக் கேட்டு வாங்குங்கள், யாரிடம் கொடுத்தாலும். நூல் பொலிஎஸ்ரராக இருக்க வேண்டும். பஞ்சு நூல் இற்றுவிடும், நைலோன் வெய்யிலுக்குத் தோற்கும். துணி நன்றாக இருக்க, தையல் விட்டு வருகிற ஓனிங்தான் என் கடைக்கு அதிகம் வருவது. தையலின் நீளம் 4, 5 மில்லிமீற்றர் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பார்கள், ஆனால் பிவிசியில் அது முத்திரைத் தாளில் துளை போட்ட மாதிரி, அந்த வரியாலேயே கிழியும். மூன்றாவது, துண்டு சேர்க்கிற மூட்டுகள் பஸ்ஸில் இருந்து வெளியே, சரிவோடு ஓட வேண்டும். பஸ்ஸுக்குச் சமாந்தரமாகக் குறுக்கே மூட்டு வந்தால் தண்ணி அங்கே தேங்கி ஊசித் துளையால் இறங்கும்.

பூட்டுவது என் வேலை இல்லை, கராஜ்காரர் வேலை. ஆனால் பிழைக்கிறது பெரும்பாலும் இங்கேதான். ஓனிங்கை வெறும் தகட்டில் பூட்டக்கூடாது, பஸ்ஸின் விலா எலும்பான இரும்பு வளைவுகளில் பூட்ட வேண்டும். றிவெற் வரிசை போகிற இடம்தான் வளைவு இருக்கிற இடம். உடம்பு அலுமினியத் தகடு என்றால் ஒரு காந்தத் துண்டை நகர்த்திப் பாருங்கள், இரும்பு உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். உள்பக்கம் கையகல இரும்புத் தகடு வைத்து, தளராத நைலோன் நட் போட்டு இறுக்க வேண்டும். ஓட்டைகளை அடைக்க சிலிக்கன் வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ற் ஒட்டாது. சிக்காஃப்ளெக்ஸ் மாதிரியான பொலியூரித்தேன் பசையைக் கேளுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் நிற்கிற வாகனம் என்றால், ஸ்ரெயின்லெஸ் போல்ட்டுக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவில் நைலோன் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டும்.

இடப்பக்கம் என்பதில் இன்னொரு சங்கடம். ஒடுங்கிய ரோட்டில் எதிரே லொறி வந்தால் நீங்கள் ஒதுங்குவது இடப்பக்கப் பற்றைக்குள். ஒட்டுசுட்டான், மல்லாவி உள் ரோட்டுகளில் ஓடுகிறவர்களின் பெட்டியில் கிளை இழுத்த கோடுகளைப் பார்க்கலாம். பெட்டி பக்கக் கண்ணாடியைத் தாண்டி வெளியே நிற்காதபடி பூட்டச் சொல்லுங்கள். ஐரோப்பாக் கண்டத்து வண்டிகளுக்கு வாசல் வலப்பக்கம். அங்கிருந்து பாவித்த பெட்டி வாங்கினால் கைப்பிடி எந்த முனையில் வருகிறது என்று முதலே பாருங்கள். உங்கள் வாசற்படிக்கு மேலே வந்து நின்றால் ஒவ்வொரு நாளும் தலையில் இடிக்கும்.

தண்ணி தேங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2 மீற்றருக்கு 1 மீற்றர் இடத்தில், நடுவில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் படங்கு தொய்ந்தால், அதில் 100 லீற்றர் அளவில் தண்ணி நிற்கும். அது 100 கிலோ, துணியும் கையும் சேர்ந்து வளையும். 2.5 மீற்றர் நீட்டத்துக்கு 60 சென்ரிமீற்றர் சரிவு இருந்தால் தேங்காது. உயர்ந்த லேலண்டுக்கு இது சுகம். கோஸ்ரரில் அவ்வளவு இறக்கினால் தலை முட்டும், ஆகவே ஒரு மூலையை மட்டும் நன்றாக இறக்கி விடுங்கள். தண்ணி அந்த மூலையால் வாளிக்குள் விழும், பாத்திரம் கழுவவும் உதவும்.

முளை அடிக்கிற நிலம் காலத்துக்குக் காலம் மாறும். கோடையில் எங்கள் செம்மண் கல்லுக்குச் சமன். முதல் நாள் இரவே முளை போகிற இடத்தில் ஒரு வாளி தண்ணி ஊற்றி விடுங்கள். மாரியில் அதே மண் முளையைப் பிடிக்காது, நீண்ட இரும்புதான் நிற்கும். கடற்கரை மணலில் முளையே வேண்டாம். உரப்பைக்குள் மணலை நிரப்பிக் கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதையுங்கள், அசையாது. சீமெந்துத் தரை என்றால் 20 லீற்றர் தண்ணிக் கான் ஒவ்வொரு காலுக்கும். இன்னொன்று: காட்டோரம், ஆள் நடமாட்டம் இல்லாத காணி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட பக்கம் எங்கும் முளை அடிக்காதீர்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடி எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். வெளியூரில் இருந்து வருகிற உங்கள் சொந்தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பராமரிப்பில் முதலாவது புழுதி. ஈரத்தோடு புழுதியைச் சுருட்டினால் அது மண்தாள் போலத் துணியைத் தேய்க்கும். மடக்கும் முன் தும்புத்தடியால் மெல்லத் தட்டி விடுங்கள். மாதத்துக்கு ஒருக்கால் சாதாரண சவர்க்காரத் தண்ணி, மெல்லிய பிரஷ், பிறகு நல்ல தண்ணி. கன்வஸுக்குச் சவர்க்காரத் தூள் போடவேண்டாம், அதன் மெழுகுப் பூச்சு கழன்றுவிடும். பிவிசியில் தின்னரும் மண்ணெண்ணெயும் படக்கூடாது. மரத்தடியில் நிற்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாலைப்பழக் காலத்தில் பழப் பால் சொட்டி ஒட்டினதும் எல்லாரும் முதலில் தூக்குவது மண்ணெண்ணெய்ப் போத்தலைத்தான். பிவிசி என்றால் துணித்துண்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு உருட்டி எடுத்துப் பிறகு சவர்க்காரம் போடுங்கள். அக்ரிலிக் என்றால் எண்ணெயும் வேண்டாம், காயவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். காக எச்சத்தை அன்றன்றே கழுவுங்கள்.

ஈரத்தில் மடக்க வேண்டி வந்தால் மடக்குங்கள், காற்றுக்குக் கொடுப்பதை விட அது மேல். ஆனால் ஒரு நாள், இரண்டு நாளுக்குள் திரும்ப விரிக்க வேண்டும். மாரியில் வெய்யிலுக்குக் காத்திருந்தால் பூஞ்சணம் முந்திவிடும். மழை விட்ட அரை மணி நேரத்துக்கு அரைவாசியாவது நீட்டி வைத்துக் காற்றுப் படவிடுங்கள். பூஞ்சணம் உண்மையில் துணியைத் தின்பதை விட, அதில் படிந்த அழுக்கையும் எண்ணெய்ப் புகையையும் தின்றுதான் வளர்கிறது. அதனால்தான் தாச்சிச் சட்டியை ஓனிங்குக்குக் கீழே வைக்காதீர்கள் என்கிறேன். நெருப்புப் பயம் தனி.

கைகளின் மூட்டுகளுக்கு கிறீஸும் எஞ்சின் ஒயிலும் போடுகிறவர்கள் அதிகம். கிரவல் புழுதி அதில் ஒட்டி அரத்தூள் ஆகிவிடும். காய்ந்து நிற்கிற சிலிக்கன் ஸ்பிரே போதும், அதுவும் துணியில் படாமல். கிரவல் ரோட்டில் ஓடி வந்தால் அன்றைக்கே ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். ஏ9இல் மட்டும் ஓடுகிறவருக்கு மாதத்துக்கு ஒருக்கால் போதும்.

கனநாள் மூடிக் கிடந்த ஓனிங்கை விரிக்கும் முன் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குளவி கூடு கட்டியிருக்கும். அணில் தும்பு கொண்டுவந்து அடைந்திருக்கும். நிலத்தில் சுருட்டிப் போட்ட படங்கு என்றால் தடியால் புரட்டாமல் கை வைக்கவே வேண்டாம், பாம்புக்கு அதைப் போல வசதியான இடம் இல்லை.

புதுத் துணி தைக்க வருகிறபோது பழையதை எறிந்துவிட்டு வராதீர்கள். எவ்வளவு கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள். எங்கே தொய்ந்தது, எங்கே உரசினது, எந்தப் பித்தளைக் கண் கழன்றது என்று அதில்தான் தெரியும், அந்த இடங்களுக்கு இரட்டைத் துணி வைத்துத் தைக்கலாம். வைகாசிப் பொங்கலுக்கு வேண்டும் என்றால் பங்குனியிலேயே தந்துவிடுங்கள். சித்திரைக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் பொங்கலுக்குத்தான் கேட்கிறார்கள், என்னிடம் இருப்பது ஒரு மெசின்.